முதலில் கடிதம், பிறகு காரியம்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெனிட்டா போன வாரம் போன் செய்தாள். அலுவலகத்தில் மறுபடியும் எல்லோரையும் அந்த ஆன்லைன் படிப்பில் சேர்த்துவிட்டார்களாம். தொழில்முறைக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும் படிப்பு. ஆறு வாரம் வீடியோ பார்க்க வேண்டும், கேள்விக்குப் பதில் தட்ட வேண்டும், கடைசியில் சான்றிதழ் வரும்.

"மேடம், இப்பல்லாம் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா அதுவே லெட்டர் எழுதிக் குடுத்துடுது. அப்புறம் இன்னாத்துக்கு மேடம் இந்தப் படிப்பு? நீங்க படிச்சீங்களே, எதுக்காவது ஆச்சா?"

ஆச்சு என்று சொல்லிவிட்டேன். எதற்கு ஆச்சு என்பதைப் போனில் சொல்ல நேரம் போதாது. மூலக்குளத்தில் வீட்டு வாசலில் காய்கறி வண்டிக்காகக் காத்திருப்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேலை இல்லை என்பதால் எழுதியே விடுகிறேன்.

புதுச்சேரிக்கு வெளியே இருந்த ஒரு தோல் கைப்பை ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கடிதப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், ஒரு மேசை, முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். டைப்பிங் லோயர், ஹயர் இரண்டும் பாஸ். சுருக்கெழுத்து பாதியில் நின்றது, ஏனென்றால் கல்யாணம் பாதியில் வந்தது. மற்றபடி என் குரு எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன கார்பன் நகல்கள்தான். அவற்றைப் பார்த்துப் பார்த்து, நாலு வரியில் முடிகிற விஷயத்தை நாலு பாராவுக்கு நீட்டும் வித்தையை ஒரே வருடத்தில் பிடித்துக்கொண்டேன். எங்கள் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே அவற்றைத் தமிழில் சொல்கிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மேலதிகாரி ஜி.எம். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் அவர் மனைவியே போனில் "ஜி.எம். இருக்காரா?" என்றுதான் கேட்பார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பையைத் தட்டிப் பார்த்தாலும், டீயைக் குடித்து முடித்தாலும், கையெழுத்துப் போட்டாலும் "வுவாலா!" என்பார், 'இதோ, ஆயிற்று' என்பதற்குப் பிரெஞ்சு. எங்கள் பைகளை வாங்குபவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தான். ஒருமுறை துணிந்து கேட்டேன், "சார், உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, அதுலயே எழுதிடலாமே?" என்று.

"பிரெஞ்சுல எழுதினா அவங்களுக்குப் புரிஞ்சிடும் மும்தாஜ். இங்கிலீஷ்ல எழுதினாத்தான் ரெண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு" என்றார்.

நான் அடித்துக் கொடுத்த கடிதத்தை அவர் ஜன்னலருகே நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் கடிதத்தின் மேல் இரக்கம் வந்துவிடுமாம். பச்சை மைப் பேனா. யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றைச் செய்ததாக ஒரு வரி இருந்தால் அந்த வரி செத்தது. 'நாங்கள் தாமதமாக அனுப்பினோம்' என்பது 'தாமதம் ஏற்பட்டிருக்க வாய்ப்புள்ளது' என்று ஆகும். இரண்டாவது முறை அடித்துக் கொடுத்தால் 'தாமதம்' போய் 'கால வித்தியாசம்' வரும். மூன்றாவது முறை என்ன வித்தியாசம் என்பதும் போய்விடும். "தப்பு யாருதுன்னு தெரியற மாதிரி எழுதினா அது லெட்டர் இல்ல, வாக்குமூலம்" என்பார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, எங்கள் கம்பெனியில் எல்லா மீனும் நழுவுகிற மீன்தான்.

இதைவிடப் பெரிய வழக்கம் ஒன்று எங்களிடம் இருந்தது. வேறு ஊர்களில் ஏதாவது ஒன்று நடக்கும், பிறகு அதைப் பற்றிக் கடிதம் எழுதுவார்கள். எங்களிடம் கடிதம் முதலில் போகும், அதில் எழுதியதை மெய்யாக்குவதற்காகப் பிறகு காரியம் நடக்கும். தீ விபத்து நேர்ந்தால் தொழிலாளர்கள் கூடி நிற்க உங்களிடம் தனி இடம் உண்டா என்று வாங்குபவர் கேட்டார். உண்டு என்று எழுதினோம். அவர்களுடைய ஆள் பார்க்க வருகிறார் என்றதும் வேப்பமரத்தடியில் பச்சைப் பலகை நட்டோம். அங்கே நின்றுகொண்டிருந்த ஜி.எம். காருக்கு அன்றிலிருந்து வெயில்தான். குழந்தைகள் காப்பகம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று எழுதிவிட்டு ஒரு ஸ்டோர் ரூமைக் காலி செய்து தொட்டில் கட்டினோம். குழந்தைதான் கிடைக்கவில்லை. தையல் பிரிவில் விசாரித்து, பாட்டிகளிடம் விட்டுவிட்டு வந்த இரண்டு பிள்ளைகளை ஒரு நாள் வாடகைக்குக் கேட்பதுபோல் கேட்டு வரவழைத்தோம். வந்த பிள்ளைகள் மறுநாளும் வந்தார்கள். நான் ஓய்வு பெறும்போது அந்த அறையில் ஒன்பது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பொய்களில் சில நல்லபடியாக வளர்ந்ததும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாப் பொய்யும் அப்படி வளரவில்லை.

ஒருமுறை ஒரு பையின் உள்துணியில் உடைந்த ஊசித் துண்டு இருந்ததாகப் புகார் வந்தது. யார் ஊசி, எந்த மிஷின், ஒன்றும் தெரியாது. ஜி.எம். வழக்கம்போல் நான்கு பாரா சொன்னார். கடைசியில், 'சம்பந்தப்பட்ட தொழிலாளி பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்' என்று ஒரு வரி. அடித்தேன். பச்சை மை படாமல் முதல் தடவையிலேயே தேறிய கடிதம் அது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடிதம் போன பிறகுதான், "யாரையாவது நீக்கியாகணுமே" என்று ஜி.எம். மோவாயைத் தடவினார். அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தவர் தையல் பிரிவு குணசேகரன். பக்கத்தில் இருந்தால்தானே வாதாடுவார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. லீவு முடிந்து கல்யாண லட்டோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த ஊசி அவருடையது என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நோணாங்குப்பம் படகுத் துறைக்குப் போனேன். மிதவை ஜாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "மும்தாஜ் மேடம்தான?" என்றார். குணசேகரன். முகத்தில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அந்த லெட்டரோட காப்பிய ஒருத்தர் காட்டினாரு மேடம். படிக்கச் சொல்லிக் கேட்டேன். எம் பேரு எங்கயாவது வருதான்னு பாத்துக்கினே இருந்தேன். கடைசி வரைக்கும் வரவே இல்ல. பேரே இல்லாம எப்புடி மேடம் ஒரு ஆள வேலைய வுட்டு எடுப்பாங்க?"

"இறுக்கிக் கட்டிக்குங்க மேடம், லூசா கீது" என்று அவரே என் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்துவிட்டார். அன்று படகில் போனவர்கள் எல்லோரும் மணல் திட்டைப் பார்த்துக் கத்தினார்கள். நான் வெட்கத்தோடு என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த நிலையில்தான் முதலாளிக்கு ஆன்லைன் படிப்பு யோசனை உதித்தது. சுவரில் சான்றிதழ்கள் இருந்தால் வாங்குபவர்களுக்குப் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அலுவலகத்தில் ஜி.எம். உட்பட எல்லோரும் சேர வேண்டும் என்று உத்தரவு. அன்று மதியமே ஜி.எம். ஒரு துண்டுச் சீட்டில் தன் பாஸ்வேர்டை எழுதி என் மேசைமேல் வைத்தார். "என்னோடதையும் சேத்துப் பாத்துக்குங்க மும்தாஜ்."

எனக்கு இது புதிதில்லை. அவர் பெண்ணின் காலேஜ் விண்ணப்பம், அவர் மாமனாரின் கண் ஆபரேஷன் ஃபாரம், எல்லாம் நான் நிரப்பியவைதான். ஆகவே காலையில் மும்தாஜாகவும் சாப்பாட்டுக்குப் பிறகு ஜி.எம்.மாகவும் படித்தேன். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது ஒரு மனுஷி ஒரே வகுப்பை இரண்டு முறை படித்தாள் என்றால் அது நானாகத்தான் இருப்பேன்.

வீடியோவில் ஒரு பெண் எந்நேரமும் சிரித்துக்கொண்டே பேசுவார். கெட்ட செய்தியை எப்படி எழுதுவது என்ற பாடத்தைச் சொல்லும்போதும் அதே சிரிப்பு. விஷயத்தை முதல் வரியில் சொல். யார் செய்தது என்று சொல். தவறு என்றால் தவறு என்று சொல். இனி என்ன செய்யப் போகிறாய் என்று சொல். அவ்வளவுதான் ஆறு வாரமும். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. முப்பது வருடமாக நான் கற்றதையெல்லாம் இந்த அம்மாள் சிரித்துக்கொண்டே குப்பையில் போடுகிறார். எங்கள் வீட்டுக்காரர் பின்னால் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதத்தான நான் தினம் சொல்றேன், விஷயத்தைச் சொல்லுன்னு. எனக்கு ஏன் சர்டிபிகேட் குடுக்கல?" என்று கேட்டார்.

மும்தாஜாக எழுதும்போது கை பழைய வழியிலேயே போனது. நாம் எழுதும் கடிதத்தை முகம் தெரியாத இன்னொரு மாணவர் திருத்த வேண்டும் என்பது அங்கே விதி. எந்த ஊர்க்காரரோ, என் கடிதத்தின் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'இதில் எல்லாம் நடக்கிறது, ஆனால் ஆளே இல்லையே, ஏன்?' மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் டப்பாவைத் திறக்காமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். படகுத் துறையில் கேட்ட அதே கேள்வி.

அன்று மதியம் ஜி.எம்.மாக உட்கார்ந்து கடைசித் தேர்வை எழுதினேன். கற்பனையாக ஒரு கம்பெனி, கெட்டுப்போன சரக்கு, வாடிக்கையாளருக்குக் கடிதம். 'இந்த முடிவை எடுத்தவன் நான். வேண்டாம் என்று எங்கள் தொழிலாளி சொன்னார், நான் கேட்கவில்லை' என்று தொடங்கினேன். என் பெயரில் எனக்கு வராத வரிகள் அவர் பெயரில் மளமளவென்று வந்தன. அடுத்தவர் பெயரில் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஜி.எம்.முக்கு டிஸ்டிங்ஷன். எனக்கு 'இன்னும் முன்னேற்றம் தேவை' என்று சொல்லி, இரண்டாவது தடவை எழுதச் சொல்லி, போனால் போகிறதென்று சான்றிதழ் கொடுத்தார்கள். அவருடையதைச் சட்டம் போட்டு முதலாளி அறையிலேயே மாட்டினார்கள். அதன் பிறகு ஜி.எம். அந்தப் படிப்பை எழுதியவரே தான்தான் என்பதுபோல் நடக்க ஆரம்பித்தார். "முதல் வரியிலயே விஷயம் வரணும்" என்று அலுவலகம் முழுக்கப் பாடம். வாட்ச்மேன் அதை நம்பி, 'இறந்துவிட்டார். மூன்று நாள் லீவு வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யார் இறந்தது என்று தெரியாமல் யார் வீட்டுக்கு மாலை கொண்டுபோவது என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் பூசணம் வந்தது.

கப்பலில் போய்ச் சேர்ந்த பெட்டிகளைத் திறந்தால் பைகளின் உள்துணியில் வெள்ளையாகப் பூத்திருந்ததாம். படங்கள் அனுப்பியிருந்தார்கள். கூடவே மூன்று கேள்விகள். என்ன நடந்தது, யார் முடிவு எடுத்தது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள். பதில் சரியில்லை என்றால் அடுத்த ஆர்டர் கிடையாது.

என்ன நடந்தது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரமாக அடைமழை. பேக்கிங் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் வளர்மதி, வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், பதினாறு வருட அனுபவம். பையைக் கையில் எடுத்தால் புறங்கையை உள்ளே விட்டு ஒரு நொடி வைத்திருப்பார். ஈரம் இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கை சொல்லிவிடும். அன்று காலை எல்லோர் முன்னாலும் சொன்னார். "சார், உள்துணி காயல சார். ரெண்டு நாள் டைம் குடுங்க. இல்லாங்காட்டி பூசணம் புடிச்சிடும்." ஜி.எம்., "கப்பல் உனக்காக நிக்குமா? மூடு" என்றார். மூடினார்கள்.

முதலாளி அறையில் ஜி.எம். கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். வரலாறு காணாத பருவநிலை, கடல் காற்று, எதிர்பாராத சூழல். டிஸ்டிங்ஷன் எல்லாம் சுவரோடு சரி. கடைசி வரிக்கு வந்தார். 'சம்பந்தப்பட்ட தொழிலாளி பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்.'

"யாருங்க சார்?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பேக்கிங்தான? வளர்மதிதான். லெட்டர் போகட்டும், சனிக்கிழமையோட அனுப்பிடலாம்." முதலாளி அந்தப் பூசணப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் குழாயடியில் வளர்மதி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"லெட்டர் சொல்லிட்டாராக்கா?"

"சொல்லிட்டாரு."

"அதுல நான் போயிட்டனா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "எம் பொண்ணு இப்பத்தான் நர்சிங் சேந்திருக்குது. வூட்டுக்காரரு இடுப்பு வுழுந்து படுத்துக்கினு இருக்காரு. லெட்டர்ல எழுதிட்டா அப்பறம் அது நடந்துதானக்கா ஆவணும், இங்க அதான வழக்கம்?" என்றார். அழவில்லை. "நான் சொன்னேன்க்கா. வாய் வுட்டு சொன்னேன்."

எங்கள் வழக்கத்தை அவரும் தெரிந்துதான் வைத்திருந்தார். மேசைக்குத் திரும்பி வந்து யோசித்தேன். கடிதத்தில் எழுதியது நடந்துதான் ஆக வேண்டும் என்றால், எதை எழுதுவது என்பது என் கையில் அல்லவா இருக்கிறது? ஓய்வு பெற எனக்கு இரண்டு மாதம் பாக்கி. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தை முப்பது வருடம் ஊட்டி வளர்த்தவள் நான்தான். கம்ப்யூட்டரில் ஜி.எம்.மின் தேர்வுத் தாளைத் திறந்தேன். கற்பனைக் கம்பெனியின் பெயரை எடுத்துவிட்டு எங்கள் பெயரைப் போட்டேன். 'எங்கள் தொழிலாளி' என்று இருந்த இடத்தில் வளர்மதி என்று அடித்தேன்.

மறுநாள் காலை முதலாளியும் ஜி.எம்.மும் சேர்ந்து இருக்கும் நேரமாகப் பார்த்து உள்ளே போனேன்.

"சார், நேத்து சொன்னதையும் அடிச்சிட்டேன். ஆனா கோர்ஸ்ல நீங்க டிஸ்டிங்ஷன் வாங்கின லெட்டரும் இதே மாதிரி கேஸ்தான் சார். அவ்ளோ நல்லா எழுதியிருக்கீங்க, விட மனசு வரல. அதையே நம்ம கேஸுக்கு மாத்திக் கொண்டாந்திருக்கேன்."

ஜி.எம். கையை நீட்டுவதற்குள் முதலாளி வாங்கிவிட்டார். சத்தமாகவே படித்தார். 'பைகள் காயாத நிலையில் பெட்டிகளை மூடச் சொன்னவன் நான். பேக்கிங் பொறுப்பாளர் வளர்மதி அன்று காலையே ஈரம் இருப்பதைச் சொல்லி இரண்டு நாள் கேட்டார். நான் கேட்கவில்லை. இனிமேல் அவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் கம்பெனியில் எந்தப் பெட்டியும் மூடப்படாது.'

படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது நீங்க எழுதினதா?"

ஜி.எம். சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இல்லை என்றால் அந்தச் சட்டம் கீழே இறங்க வேண்டும். ஆமாம் என்றால் அவர் இறங்க வேண்டும்.

"ஆமா சார்" என்றார்.

"கேட்ட மூணு கேள்விக்கும் நேரா பதில் இருக்கு. எனக்கே புரியுது. அனுப்புங்க" என்றார் முதலாளி.

ஜி.எம். கையெழுத்துப் போட்டார். அன்று வுவாலா இல்லை. வராந்தாவில் என்னை நிறுத்தி, "எம் பேர்லயே என்னை மாட்டி வுட்டுட்டீங்களே மும்தாஜ்" என்றார்.

"பாஸ்வேர்டு நீங்கதான சார் குடுத்தீங்க" என்றேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. இப்படி ஒரு கடிதம் எந்தக் கம்பெனியிடமிருந்தும் தங்களுக்கு வந்ததில்லை, ஆர்டர் தொடரும், அடுத்த முறை வரும்போது மதாம் வளர்மதியைச் சந்திக்க விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி ஜி.எம்.மின் முதுகில் தட்டினார். இனி வேறு வழி இல்லை. கடிதம் போய்விட்டது, காரியம் நடந்தாக வேண்டும். பேக்கிங் பிரிவில் ஒரு மேசை போட்டோம், ரெஜிஸ்டர் வாங்கினோம். வளர்மதி கையெழுத்தைப் பழக இரண்டு நாள் கேட்டார். "வெறும் பேரப் போட்டா போதுமா, இல்ல கிறுக்கணுமாக்கா?" என்றார். பெயர் தெரிகிற மாதிரி போடு என்றேன். குணசேகரனையும் திரும்பக் கூப்பிட முடியுமா என்று ஜி.எம்.மிடம் கேட்டேன். அந்தப் பழைய கடிதம் இன்னும் வாங்குபவர்களுடைய கோப்பில் இருக்கிறதே என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கடன் இன்னும் என் நெஞ்சில்தான் இருக்கிறது.

நான் ஓய்வு பெற ஒன்பது நாள் இருக்கும்போது மறுபடியும் மழை. லாரி வாசலில் நின்றது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வளர்மதி மேசையில் பேனா மூடியிருந்தது. "காயல சார்" என்றார்.

ஜி.எம். அரைமணி நேரம் அங்கேயே நின்றார். கெஞ்சினார், அதட்டினார், கப்பலைச் சொன்னார், டிரைவரைக் காட்டினார். வளர்மதி எழுந்து நின்று, "நீங்கதான சார் எழுதினீங்க, எங் கையெழுத்து இல்லாம மூடக்கூடாதுன்னு? அவங்க வந்து கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?" என்றார். பேனாவைத் தொடவில்லை. கடைசியில் ஜி.எம். ஒரு பையை எடுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, தன் புறங்கையை உள்ளே விட்டார். எடுத்துப் பார்த்தார். பையை மேசைமேல் வைத்தார்.

லாரி காலியாகவே திரும்பிப் போனது. அவர் என் மேசைக்கு வந்து, வழக்கம்போல் ஜன்னலுக்குப் போகாமல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு லெட்டர் போடணும் மும்தாஜ்."

"என்ன எழுதட்டும் சார்?"

கைக்குட்டையால் கையைத் துடைத்தார். "வளர்மதி கையெழுத்துப் போடல, சரக்கு மூணு நாள் லேட்டாகும்னு எழுதுங்க."

எழுதினேன். முப்பத்தொரு வருடத்தில், காரியம் நடந்து முடிந்த பிறகு நான் எழுதிய முதல் கடிதம் அது.